வீட்டு நீச்சல் குளத்தின் பாதுகாப்பு: காவிரிப் படுகை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கங்களில் புதிதாக எழும் வீடுகளிலும் தென்னந்தோப்புக்குள் கட்டப்படும் தங்கும் விடுதிகளிலும் நீச்சல் குளம் இப்போது அரிதான ஒன்றாக இல்லை. டைல்ஸ் என்ன நிறம், மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று பலமுறை பேசி முடிவெடுப்பவர்கள்கூட, குழந்தை விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலும் வேலை முடிந்த பிறகுதான் கேட்கிறார்கள். வரைபடம் போடும் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்விகள் கீழே தரப்பட்டுள்ளன.

சொந்த வீட்டுக் கொல்லையில்தான் குளம் கட்டுகிறோம். அதற்கு வேலி போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

குளத்தைச் சுற்றி இத்தனை உயரத்தில் வேலி, இன்ன விதமான கதவு என்று தனி வீடுகளுக்கென வகுத்து, அதிகாரி வந்து சோதித்துச் சான்று தரும் முறை ஆஸ்திரேலியாவில் உண்டு, இங்கே இல்லை. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒரு பரிந்துரை ஆவணம். ஒரு மாநிலம் தன் விதிகளுக்குள் எடுத்துக்கொண்ட அளவுக்குத்தான் அது கட்டாயமாகும். தமிழ்நாட்டில் வரைபட அனுமதி 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி வழங்கப்படுகிறது. ஆகவே ஊராட்சியோ நகராட்சியோ, அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்தில் குளத்தையும் அதன் ஆழத்தையும் மறைக்காமல் காட்டிவிடுங்கள். வீட்டுக்கு அனுமதி வாங்கிவிட்டுக் குளத்தைப் பிறகு சத்தமில்லாமல் தோண்டிக்கொள்ளலாம் என்று சொல்லும் ஒப்பந்தக்காரரை நம்ப வேண்டாம்.

வேலி விதி இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி, கவனக்குறைவால் ஒருவருடைய மரணத்துக்குக் காரணமாகிறவருக்கு 5 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 2 ஆண்டுகளாக இருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை உங்கள் குளத்தில் விழுந்தால், கதவு ஏன் திறந்திருந்தது என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

விதி வந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்தது. அதன் பின்பும் 2019 அக்டோபரில், திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுச் சிறுவன் அப்படிப்பட்ட ஒரு குழியில் விழுந்து இறந்தான். அதிகாரி வந்து பார்க்காத இடத்தில் வீட்டுக்காரர்தான் அதிகாரி.

தோப்பில் நாலு அறை கட்டி வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அதுவும் வீட்டுக் குளம்தானே?

இல்லை. பணம் கொடுத்துத் தங்குபவர் இறங்கும் குளத்தை வீட்டுக் குளம் என்று வாதிட முடியாது. அவர் உங்கள் குளத்தின் ஆழம் தெரியாதவர், பெரும்பாலும் இரவில் வந்து சேர்பவர், சில வேளைகளில் குடித்துவிட்டு இறங்குபவர். உள்ளாட்சியின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். ஆழம் எத்தனை மீட்டர் என்று விளிம்பில் பதித்துவிடுங்கள். ஆழம் குறைந்த குளத்தில் தலைகீழாகக் குதித்தால் கழுத்தெலும்பு முறியும் என்பதால் குதிக்கத் தடை என்ற பலகையும் வேண்டும். இரவில் குளத்தைப் பூட்டுவது விடுதிக்காரரின் வேலை. அதை விருந்தினரின் நல்லறிவுக்கு விட முடியாது.

வேலி எப்படி இருக்க வேண்டும்?

நம்மிடம் அளவுகள் இல்லாததால், நெடுங்காலம் சோதித்துப் பார்த்த ஆஸ்திரேலிய அளவுகளை எடுத்துக்கொள்வது நல்லது. உயரம் தரையிலிருந்து குறைந்தது 1.2 மீட்டர். கம்பிகளுக்கு நடுவிலும் வேலியின் அடியிலும் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. அதற்கு மேல் விட்டால் தவழும் குழந்தை தலையை நுழைத்துவிடும். கம்பிகள் நெடுக்காக நிற்க வேண்டும். குறுக்குக் கம்பிகள் நெருக்கமாக இருந்தால் அது ஏணிதான். தோட்டத்துக்குப் போடும் வைரக்கண் கம்பி வலை மலிவு என்று பலர் அதையே இழுத்துக் கட்டுகிறார்கள். அதன் கண்ணில் மூன்று வயதுக் குழந்தையின் கால் விரல் கச்சிதமாகப் பதியும் என்பதால் குளத்துக்கு அது உதவாது.

வேலியைச் சுற்றி 90 சென்டிமீட்டர் தூரத்துக்கு, ஏறுவதற்கு வாகான பொருள் எதுவும் இருக்கக் கூடாது. நம் கொல்லைகளில் தவறிப்போவது இந்த விதிதான். பயன்படுத்தாமல் ஓரமாகக் கிடக்கும் ஆட்டுக்கல், கல்யாணத்துக்குப் பிறகு கவிழ்த்து வைத்த அண்டா, அடுக்கிய தேங்காய் மட்டை, பிளாஸ்டிக் நாற்காலி, தாழ்ந்து வளர்ந்த கொய்யாக்கிளை ஆகிய ஒவ்வொன்றும் வேலியின் உயரத்தைக் குறைத்துவிடுகிறது. 1.2 மீட்டர் வேலிக்குப் பக்கத்தில் அரை மீட்டர் உயர ஆட்டுக்கல் இருந்தால், குழந்தைக்கு அந்த வேலி 70 சென்டிமீட்டர்தான்.

கதவு குளத்தை நோக்கித் திறக்கக் கூடாது. வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். அப்போதுதான் குழந்தை சாய்ந்து தள்ளினாலும் அது திறக்காது. கை எடுத்ததும் தானாக மூடி, தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். கொண்டியைத் திறக்கும் பிடி தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இதைச் சோதிப்பது எளிது. கதவை முழுதாகத் திறந்து விட்டுப் பார்ப்பது போதாது, அந்த வேகத்தில் எந்தக் கதவும் மூடிக்கொள்ளும். நாலு விரல் அளவு மட்டும் திறந்து மெதுவாகக் கையை எடுங்கள். கொண்டி டக்கென்று விழும் சத்தம் கேட்க வேண்டும். சட்டத்தில் ஒட்டியபடி நின்றுவிட்டால், பார்வைக்கு மூடியதுபோல் இருந்தாலும் ஒரு விரல் தள்ளலில் திறந்துவிடும். மூடியிருக்கிறது என்ற நம்பிக்கையைக் கொடுப்பதால் அது திறந்து கிடக்கும் கதவைவிட மோசம். நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் கீலின் ஸ்பிரிங் விரைவில் துருப்பிடித்து இறுகிவிடும். அங்கே 304 ரக எவர்சில்வர்கூடப் புள்ளி புள்ளியாக அரிக்கும். 316 ரகம் கேட்டு வாங்குங்கள், மாதம் ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

வீட்டைச் சுற்றி ஏழடி காம்பவுண்டு சுவர் இருக்கிறது. தனியாக இன்னொரு வேலி எதற்கு?

காம்பவுண்டு சுவர் தெருவிலிருந்து வருபவரைத் தடுக்கும். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் தெருவிலிருந்து வருவதில்லை, சமையலறைக் கதவு வழியாக வருகிறது. குளத்தை வீட்டிலிருந்தும் பிரித்து நான்கு பக்கமும் அடைத்த வேலி, மனையின் மூன்று பக்கச் சுவரையும் வீட்டின் பின்சுவரையும் நம்பும் அமைப்பைவிட மிகப் பாதுகாப்பானது என்பது ஆய்வுகளில் உறுதியான செய்தி. மூன்று பக்க அடைப்போடு ஒப்பிடும்போது நான்கு பக்க வேலி மூழ்கும் வாய்ப்பை 80 சதவீதத்துக்கும் மேல் குறைப்பதாக அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் எடுத்துக்காட்டி வருகிறது. பணம் குறைவாக இருந்தால் டைல்ஸில் குறையுங்கள், நாலாவது பக்கத்தில் குறைக்காதீர்கள்.

மூடியோ அலாரமோ வைத்தால் வேலி வேண்டாம் அல்லவா?

பிரான்ஸ் நாட்டில் 2003 ஜனவரி 3இல் இயற்றிய சட்டம், தரைக்குள் கட்டிய தனியார் குளத்துக்கு வேலி, பாதுகாப்பு மூடி, அலாரம், கூரையமைப்பு ஆகிய நான்கில் ஒன்றைக் கட்டாயமாக்கியது; மீறுவோருக்கு 45,000 யூரோ வரை அபராதம். அங்கே அலாரம் மட்டுமே வைத்தும் தப்பித்துக்கொள்ளலாம். என் கணிப்பில் நம் ஊருக்கு அது சரிப்படாது. அலாரம் ஒலிப்பது குழந்தை தண்ணீரில் விழுந்த பிறகு. மின்தடை, தண்ணீரில் விழும் தேங்காய், பெருமழை ஆகியவற்றுக்கு மத்தியில் அது நாலு முறை வீணாக அலறினால் ஐந்தாம் முறை யாரும் எழுந்து வர மாட்டார்கள். ஒரு வாரத்தில் கழற்றி வைத்துவிடுவார்கள்.

மூடியிலும் இரண்டு வகை உண்டு. குப்பை விழாமலிருக்க விரிக்கும் தார்ப்பாயைப் பாதுகாப்பு மூடி என்று எண்ணுவது ஆபத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் மேல் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே ஒரு கைக்குழந்தை முகம் கவிழ்ந்து மூச்சுத் திணறப் போதுமானது. அடியில் சிக்கினால் மேலேயிருந்து பார்ப்பவருக்கு ஆள் தெரியாது. பெரியவர் ஏறி நின்றாலும் தாங்கும் மூடி, வேலிக்குத் துணையாக இருக்கலாம்.

எங்கள் பிள்ளைகள் ஆற்றிலும் வாய்க்காலிலும் குளித்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கும் இவ்வளவு கெடுபிடியா?

மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் பாலத்தின் மேலிருந்து குதிக்கும் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும் என்பது உண்மைதான். மூழ்குபவர்களில் முதல் வரிசையில் இருப்பது அவர்களின் தம்பி தங்கைகள். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கே இந்த ஆபத்து மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் தொடர்ந்து சொல்லி வருகிறது. மேலும், ஆற்றுக்குப் போகும்போது துண்டு எடுத்துக்கொண்டு, சொல்லிவிட்டு, பெரியவர் ஒருவரோடு போகிறோம். கொல்லைக் குளத்துக்கு யாரும் போவதில்லை. அது எப்போதும் பத்தடி தூரத்திலேயே இருக்கிறது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் கண்ணயரும் நேரத்திலும்கூட. மூழ்கும் குழந்தை கத்துவதில்லை. மூச்சுக்கே திணறும்போது குரல் எழும்பாது. சத்தம் கேட்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

இணையத்தில் வாங்கிய காற்றடிக்கும் பிளாஸ்டிக் குளத்துக்கு என்ன விதி?

ஆஸ்திரேலியாவில் 30 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடியது என்றால் அதுவும் குளம்தான், அதற்கும் வேலி வேண்டும். நம் வீட்டில் அதைவிட எளிய வழி உண்டு: விளையாட்டு முடிந்ததும் தண்ணீரைத் தென்னை மரத்துக்குப் பாய்ச்சிவிட்டுக் குளத்தைக் கவிழ்த்து வையுங்கள். கையில் மாட்டும் காற்று மிதவையும் ட்யூபும் விளையாட்டுப் பொருள்கள்தான். உயிர்காப்பு உடை ஆகா.

பம்புசெட்டுத் தொட்டி, கிணறு, சம்ப் இவற்றுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

சொல்லப்போனால் இந்தப் பக்கத்தில் டைல்ஸ் பதித்த குளங்களைவிட இவைதான் எண்ணிக்கையில் அதிகம். பம்புசெட்டுத் தொட்டியில் மோட்டார் ஓடும்போது பிள்ளைகள் இறங்குவது பழக்கம். தொட்டியின் சுவர் இடுப்பளவு இருப்பதால் விழமாட்டார்கள் என்று நினைப்போம். உள்ளே விழுந்த குழந்தைக்குப் பாசி பிடித்த அந்தச் சுவரே ஏற முடியாத சுவராகிவிடுகிறது. உட்புறத்திலும் இரண்டு படி கட்டி, பயன்படுத்தாதபோது வடித்துவிடுங்கள். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் மேலே கம்பி மூடியும் வேண்டும். சம்பின் மூடியைத் தண்ணீர் லாரி வந்து போனதும் பூட்டுங்கள். நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றிலோ சம்பிலோ ஒருவர் மயங்கி விழுந்தால், அடுத்தவர் உடனே உள்ளே இறங்கக் கூடாது. உள்ளே பிராணவாயு குறைந்திருக்கலாம், இறங்குபவரும் விழுவார்.

மின்சார விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

தண்ணீருக்குள் பதிக்கும் விளக்கு 12 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. அதற்கான டிரான்ஸ்பார்மர் குளத்திலிருந்து தள்ளி, உலர்ந்த இடத்தில் இருக்க வேண்டும். விளிம்பிலிருந்து 2 மீட்டருக்குள் சுவிட்சும் பிளக் பாயிண்டும் கூடாது. அதற்கடுத்த ஒன்றரை மீட்டருக்குள் பிளக் பாயிண்ட் வைத்தே ஆக வேண்டுமென்றால், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வழியாக மட்டும் வையுங்கள். மோட்டார் இணைப்புக்கும் அது கட்டாயம் வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பாருங்கள். ஏணி, கைப்பிடி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஆகிய எல்லா உலோகத்தையும் ஒன்றாக இணைத்து எர்த் செய்ய வேண்டும். இதைக் கான்கிரீட் போடுவதற்கு முன்பே செய்தாக வேண்டும் என்பதால், எலக்ட்ரீஷியனைக் கடைசியில் கூப்பிடும் நம் வழக்கம் இங்கே உதவாது.

பலரும் நினைக்காத ஒன்று: இலை அள்ளும் வலையின் அலுமினியக் கழி நாலைந்து மீட்டர் நீளும். வயல்பக்கத்து மின்கம்பி தாழ்ந்து தொங்கும் மனையில் அந்தக் கழியை நிமிர்த்தினால் போதும். மேலே கம்பி போகும் இடத்தில் குளத்தை வைக்கவே வைக்காதீர்கள். காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் குளத்தைச் சுற்றிக் கட்டும் சீரியல் பல்பு வரிசையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

குளத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஆளைப் பிடித்து இழுக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஒரே வடிகாலிலிருந்து மோட்டார் தண்ணீரை இழுக்கும்போது, உடல் அதை மூடினால் உறிஞ்சும் விசை முழுவதும் அங்கே சேர்ந்துவிடும். தலைமுடி சிக்கினாலும் இதே கதிதான். அமெரிக்காவில் 2002இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வெந்நீர்த் தொட்டியில் இப்படி இறந்ததையடுத்து, அவள் பெயரிலேயே 2007 டிசம்பரில் பொதுக் குளங்களுக்கான சட்டம் வந்தது. வடிகாலின் மூடி தட்டையாக இல்லாமல் குவிந்து இருக்க வேண்டும். ஒரே குழாய்க்கு இரண்டு வடிகால்கள், ஒன்றுக்கொன்று குறைந்தது மூன்றடி தள்ளி இருக்க வேண்டும். மூடி உடைந்தாலோ கழன்றாலோ, மாற்றும் வரை யாரும் இறங்கக் கூடாது. மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் குளத்தை வடித்துக் காலியாக வைப்பதுதானே பாதுகாப்பு?

வேறு ஊரில் சரியாக இருக்கலாம். படுகையில், அதிலும் திருவாரூர், நாகை மாவட்டங்களின் தாழ்ந்த களிமண் நிலத்தில், இது குளத்தையே கெடுத்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் மட்டம் ஏறக்குறைய தரைக்கே வந்துவிடுகிறது; அப்போது காலியான குளம் மேலே கிளம்பும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்ளளவில் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழமுள்ள குளத்துக்குச் சுவரும் தளமும் 20 சென்டிமீட்டர் கனம் என்றால், கான்கிரீட்டின் எடை சுமார் 37 டன். தரைமட்டம் வரை நீர் ஏறிய மண்ணில் அந்தக் குளத்தின் மீது மேல்நோக்கி வரும் விசை சுமார் 63 டன். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை 48 டன் எடை கூடுதலாக அழுத்திக்கொண்டிருக்கிறது. அதை வடித்துவிட்டால் குளம் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும், குழாய்கள் முறியும், தளம் வெடிக்கும். ஆகையால் பழுதுபார்க்கும் வேலையைச் சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டும்போதே தளத்தில் அழுத்தம் விடுவிக்கும் வால்வு வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் மூடிபோட்ட ஒரு குழாயைச் செங்குத்தாகப் புதைத்து வைத்தால், குச்சி விட்டு நீர்மட்டம் பார்த்துக்கொள்ளலாம்.

போர் தண்ணீரை நிரப்பினால் குளோரின் எவ்வளவு போட வேண்டும்?

குளத்து நீரின் தரத்துக்கு ஐ.எஸ். 3328 என்ற இந்தியத் தர நிர்ணயம் உள்ளது. வீட்டு நடைமுறைக்கு, தனித்த குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராமும் பி.எச். அளவு 7.2 முதல் 7.8 வரையும் இருந்தால் போதும். மேலே சொன்ன குளத்தில் 48,000 லிட்டர் நிற்கும். 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 160 கிராம் போட்டால் அளவு 1 மில்லிகிராம் உயரும். திறந்த மூட்டையில் கிடந்த பவுடருக்கு அந்தச் சக்தி இருக்காது என்பதால், கணக்கை நம்பாமல் சோதனைப் பட்டையால் பாருங்கள். பி.எச். 8ஐத் தாண்டினால் குளோரினில் கால்பங்குக்கும் குறைவாகவே கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். இரும்புச்சத்து மிகுந்த போர் தண்ணீரில் குளோரின் போட்டதும் தண்ணீர் பழுப்பாகும். அதற்காகக் குளோரினை நிறுத்த வேண்டாம், பில்டரை ஓடவிடுங்கள்.

அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். இரண்டையும் வேறு வேறு இடத்தில், பூட்டி வையுங்கள். குளோரின் போடாத, பாசி படிந்த குளத்தில் மூக்குவழி நீர் ஏறினால், அரிதாக அமீபா மூளைக்குச் செல்லும். 2024இல் கேரளத்தில் சிறுவர்கள் இதனால் இறந்தார்கள்.

குழந்தையைத் தண்ணீரிலிருந்து தூக்கியதும் என்ன செய்ய வேண்டும்?

தலைகீழாகப் பிடிக்கக் கூடாது, தோளில் போட்டுச் சுற்றக் கூடாது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயலக் கூடாது. இவை மூன்றும் நம் ஊர்களில் இன்றும் நடக்கின்றன. மூன்றுமே மூச்சு கொடுக்க வேண்டிய நிமிடங்களைத் தின்றுவிடுகின்றன. மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும், ஏனெனில் மூழ்கியவருக்குக் குறைந்திருப்பது பிராணவாயு. அதன் பிறகு மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாற்றி மாற்றித் தொடர வேண்டும். வாயில் நுரை வந்தாலும் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அருகிலிருப்பவர் 108ஐ அழைத்து ஒலிபெருக்கியில் போடட்டும். குழந்தை கண் விழித்து அழுதாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலின் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரிய வரலாம். தோப்பு வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும் என்பதால், வீட்டில் இரண்டு பேராவது இதை நேரில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

விசேஷ நாள்களில் ஐம்பது பேர் இருக்கிறார்கள். யாராவது பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

மாட்டார்கள். ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பதாக நினைப்பார்கள். பெயர் சொல்லி ஒரு பெரியவரை அரை மணி நேரத்துக்கு நியமியுங்கள். அவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது, அடுத்தவர் வந்து பொறுப்பேற்கும் வரை எழக் கூடாது. விருந்து பரிமாறும் நேரத்தில் குளத்தைப் பூட்டிவிடுவது இதைவிட எளிது.

நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். வருடத்தில் பத்து மாதம் வீடு பூட்டிக் கிடக்கிறது. குளத்தை எப்படி விட்டுப்போவது?

காலி செய்துவிட்டுப் போனால் மழையில் குளம் கிளம்பும். நிறைத்துவிட்டுக் கவனிக்காமல் போனால் கொசுப்புழு வளரும். 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சி நடவடிக்கை எடுக்கக்கூடிய விஷயம் இது. எனவே நிறைந்த குளம், ஓடும் பில்டர், பொறுப்பான ஆள் என்ற மூன்றும் தேவை. வாரம் ஒருமுறை வந்து குளோரின் போட்டு, கதவின் கொண்டியைச் சோதித்து, வேலியோரம் சேர்ந்த மட்டைகளை அகற்றிப் படம் அனுப்பும்படி அவரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். தெருப் பிள்ளைகளுக்குப் பூட்டிய வீடு தெரிந்த வீடுதான், விடுமுறை நாளில் சுவரேறி வருவார்கள். அதனால் அந்தப் பத்து மாதமும் வேலிக் கதவுக்குக் கொண்டியோடு ஒரு பூட்டும், குளத்தின் மேல் ஆள் எடை தாங்கும் மூடியும், மூடியின் மேல் நிற்கும் மழைநீரை வடிக்க ஒரு சிறிய பம்பும் இருக்கட்டும். அப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லையென்றால், வீடு நிரந்தரமாகத் திறக்கும் வரை குளம் கட்டுவதைத் தள்ளிப்போடலாம்.